விதையா, ஒட்டா? வறட்சி தாங்கும் பழமரத்தைத் தொடங்க நான்கு வழிகள்

சீத்தாப்பழம் ஒன்றைத் தின்று முடித்தால் கையில் முப்பது நாற்பது விதைகள் மிஞ்சும். அவற்றை எறிய மனம் வருவதில்லை. ஊன்றிவிடலாமா, அல்லது நல்ல ஒட்டுக்கன்றாக (விதைக்கன்றின் வேர்ப்பாகத்தின் மேல் நல்ல மரத்தின் கிளையையோ கண்ணையோ இணைத்த கன்று) வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனமா? சீத்தா என்று இல்லை, நெல்லி, இலந்தை, மாதுளை, புளி என்று மரத்தின் பெயர் மட்டும் மாறுகிறது, கேள்வி ஒன்றுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் தண்ணீர் குறைந்த இடத்தில் இருப்பவர்கள். ஒன்றோ இரண்டோ மரத்துக்குத்தான் இடம் இருக்கும். தேர்வு தவறினால் நாலைந்து ஆண்டுகள் வீணாகிவிடுமே என்ற பயம் நியாயமானது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறட்சியைத் தாங்குவது வேரின் வேலை. பழம் இனிப்பதும் பெருப்பதும் மேலே இருக்கும் கிளையின் குணம். இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே கன்றில் முடிவு செய்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பழம் பிடிக்காமல் போனால் ஐந்து ஆண்டு கழித்தும் ஒட்டுக் கட்டி மாற்றிக்கொள்ளலாம். சுருண்டுபோன வேரை ஒருநாளும் மாற்ற முடியாது. ஆகவே தண்ணீர் தட்டுப்பாடு உள்ள இடத்தில் முதலில் வேரைப் பற்றிக் கவலைப்படுங்கள் என்பதே என் பேச்சு.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வேர். விதையிலிருந்து வரும் கன்றுக்கு ஆணிவேர் உண்டு. அது நேர்கீழாக இறங்கி, மேல்மண் காய்ந்த பிறகும் ஈரம் தங்கியிருக்கும் ஆழத்தைத் தேடும். குச்சி நட்டு வளர்த்த செடிக்கும், பதியன் போட்டு (தாய்ச்செடியில் இருக்கும்போதே கிளையை வேர்விட வைத்து) எடுத்த செடிக்கும் உண்மையான ஆணிவேர் கிடையாது. தண்டிலிருந்து கிளம்பிய வேர்கள் பக்கவாட்டில் பரவி, அவற்றுள் சில பிறகு ஆழம் போகும். ஒட்டுக்கன்றின் அடிப்பாகம் விதைக்கன்றுதான் என்பதால் அதற்கு ஆணிவேர் இருந்திருக்கும். பைக்குள் அதற்கு என்ன நேர்ந்தது என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, காத்திருக்கும் காலம். இதை எல்லோரும் நினைக்கிறார்கள், அதனால் நீட்டவில்லை. மூன்றாவது, பழம் எப்படி இருக்கும் என்ற உறுதி. அயல் மகரந்தத்தால், அதாவது வேறொரு மரத்தின் மகரந்தத்தால், காய்க்கும் மரங்களில் விதைக்கன்று தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: துணை. பேரீச்சையில் ஆண் மரமும் பெண் மரமும் வேறுவேறு. விதை போட்டால் ஏறத்தாழ பாதி ஆணாகத்தான் வரும், அதுவும் பூக்கும் வரை தெரியாது. நெல்லி தன் மகரந்தத்தால் சரியாகக் காய் பிடிக்காது. வேறொரு வகை நெல்லி அருகில் வேண்டும். ஐந்தாவது, மரம் கடைசியில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது. விதைப் புளியும் விதை நாவலும் வீட்டைவிட உயரமாக நிற்கக்கூடியவை.

இவற்றோடு ஒன்றை நினைவில் வையுங்கள். ‘வறட்சி தாங்கும் மரம்’ என்ற பெயர் வேரோடிய மரத்துக்குத்தான் பொருந்தும். எந்தக் கன்றும், அது இலந்தையே ஆனாலும், முதல் இரண்டு கோடையில் தாகம் எடுத்தால் சாகும்.

## வழி 1: நிற்கப்போகும் இடத்திலேயே விதை ஊன்றுவது

தவறான இடத்தில் தானாக முளைத்திருந்த சீத்தாக் கன்று ஒன்றை ஒருமுறை பெயர்த்து நடப் பார்த்தேன். மேலே ஆறு இலை, ஒரு சாண் உயரம்கூட இல்லை. சிறிய கொத்தால் சுற்றிலும் தோண்டிக்கொண்டே போனேன். ஓர் அடி ஆழம் தாண்டியும் வேரின் நுனி வரவில்லை. பென்சில் முனை அளவுக்கு மெலிந்து, ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. இழுத்தேன், அறுந்துவிட்டது. கன்று பிழைக்கவில்லை. மேலே தெரிவதைவிடக் கீழே எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இடம் மாறாமல் வளர்ந்த கன்றின் முழு பலமும் அதுவே.

இந்த வழியின் மறைமுகச் செலவு காவல். எறும்பும் எலியும் அணிலும் விதையைத் தோண்டும். ஆடு ஒரே கடியில் ஓராண்டு உழைப்பை முடித்துவிடும். களை மூடினால் கன்று எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அதனால் குழி ஒன்றுக்கு மூன்று நான்கு விதைகள் ஊன்றி, வலைக்கூண்டோ முள்ளோ கட்டி, ஓராண்டு கழித்து வலுவான ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றைப் பிடுங்காமல் தரையோடு நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் அசையும். உரமிட்ட சின்னக் குழியில் வேர் சொகுசாகத் தங்கிவிடக் கூடாது என்பதால் குழியின் அடியைக் கடப்பாரையால் நன்றாகக் குத்தி இளக்கிவிடுவது நல்லது.

விதையின் குணம் மரத்துக்கு மரம் வேறு. நாவல், மா, கலாக்காய் விதைகளைக் காயவைத்துச் சேமிக்க நினைக்காதீர்கள். பழத்திலிருந்து எடுத்த சில நாட்களுக்குள் மண்ணில் இருக்க வேண்டும். புளி, சீத்தா, கொடுக்காப்புளி விதைகள் மாதக்கணக்கில் தாங்கும். புளிக்கு ஓர் இரவு ஊறினால் போதும். சீத்தா விதை தோல் கெட்டியானது. இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தாலும் முளைக்க ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம், பொறுமை வேண்டும். அதை நசுக்கவோ பொடிக்கவோ கூடாது. அந்தத் தூள் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும்.

இலந்தைக் கொட்டையை முதலில் உப்புக் கரைசலில் போட்டு, மிதப்பதை எறிந்துவிடுங்கள். மூழ்கியதைக் கழுவி அப்படியே ஊன்றினால் மூன்று நான்கு வாரம் எடுக்கும். ஓட்டை மெல்லத் தட்டி உடைத்து உள்ளே இருக்கும் தட்டையான பருப்பை எடுத்து ஊன்றினால் ஒரு வாரத்தில் முளை தெரியும். கல்லின்மேல் கொட்டையை நிமிர்த்தி வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரே சீராகத் தட்ட வேண்டும். முதல் பத்தில் பாதி பருப்போடு சேர்ந்து நசுங்கும், பிறகு கை பழகிவிடும். நெல்லிக்கு அந்தச் சிரமமே இல்லை. பழுத்து உதிர்ந்த காயின் கொட்டையை வெயிலில் ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்தால் ‘டப்’ என்று தானே வெடித்து ஆறு சிறு விதைகளைக் கொடுக்கும். பெட்டியை மூட மறந்தால் விதை எங்கே தெறித்தது என்றே தெரியாது.

எப்போது இது சிறந்தது? தினமும் போய்ப் பார்க்க முடியாத நிலம், கல் கலந்த மண், வேலியோரம். மர வகையில் சீத்தா, கொடுக்காப்புளி, கலாக்காய் மூன்றுக்கும் இதையே முதலில் சொல்வேன். சீத்தாவின் விதைக்கன்றுகள் தாயை ஓரளவு ஒத்தே வருகின்றன, மூன்று நான்கு ஆண்டில் காய்க்கவும் செய்கின்றன. கலாக்காயை முள்வேலியாகவே வளர்க்கலாம்.

## வழி 2: பையில் நாற்று வளர்த்து நடுவது

பெரும்பாலோர் செய்வது இதைத்தான். கவனமில்லாமல் செய்தால் நான்கில் மோசமான வழியும் இதுதான். விதைக்காகக் காத்திருந்த காலமும் போய், விதைக்கே உரிய வேரும் போய்விடுகிறது.

ஓராண்டுக்கு மேல் பையில் இருந்த கன்றை எடுத்துப் பையைக் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். ஆணிவேர் அடியைத் தொட்டதும் திரும்பி, பையின் வளைவோடு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும், கயிறு சுருட்டி வைத்ததுபோல. மண்ணில் வைத்த பிறகும் அந்தச் சுருள் நிமிர்வதில்லை. வேர் தடிக்கத் தடிக்க ஒன்றையொன்று நெரிக்கும். மூன்று ஆண்டு பசுமையாக இருந்த மரம் நான்காவது கோடையில் காரணமில்லாமல் வாடுவதையும், காற்றில் அடியோடு சாய்வதையும் பார்த்திருப்பீர்கள். பலமுறை காரணம் மண்ணுக்குள் அந்தச் சுருளில் இருக்கும்.

கவனமாகச் செய்தால் இந்த வழிக்கும் இடம் உண்டு. குழி தயாராக இல்லை, மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, விதையோ இப்போதே கையில் இருக்கிறது என்றால் வேறென்ன செய்வது? அகலமான குட்டைப் பையைத் தவிர்த்து, குறுகலான நீளப் பையாக எடுங்கள். வேர் அடியைத் தொடுவதற்குள், அதாவது சில மாதங்களுக்குள் நட்டுவிடுங்கள். அடியில் சுருள் விழுந்திருந்தால் அதைக் கூர்மையான கத்தியால் நறுக்கி எறிந்துவிட்டு நடுங்கள்; சுருளோடு நடுவதைவிட வெட்டுக்காயம் மேல். பத்துப் பதினைந்து கன்று போட்டு, அவற்றில் வீரியமான இரண்டைத் தேர்ந்தெடுக்க முடிவது இந்த வழியின் உண்மையான லாபம். மாதுளை, கொய்யா போன்றவை இந்த இடமாற்றத்தை நன்றாகவே தாங்குகின்றன. புளி, இலந்தை, சீத்தா அவ்வளவு மன்னிப்பதில்லை.

## வழி 3: ஒட்டுக்கன்று, பதியன், குச்சி

வாங்கும்போது ‘ஒட்டு’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். அடித்தண்டில் ஒட்டுப் போட்ட இடம், ஒரு சின்ன வீக்கமோ வளைவோ, தெரிகிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் பதியனாகவோ குச்சியாகவோ இருக்கலாம், வேர் விஷயத்தில் அது வேறு செடி.

ஒட்டின் பெரிய பலம் உறுதியும் வேகமும். விதைப் புளி காய்க்க எட்டுப் பத்து ஆண்டு ஆகும் என்றால் ஒட்டுப்புளி மூன்று நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கும், உயரமும் அடக்கமாக இருக்கும். நெல்லியிலும் ஏறத்தாழ அதே கதை. மாதுளைக்கு ஒட்டே தேவையில்லை. முற்றிய குச்சியை நட்டால் தாய் மரத்தின் பழமே கிடைக்கும். அதன் வேர் ஆழம் குறைவாகத் தொடங்கினாலும் மாதுளை இயல்பிலேயே உரம் வாய்ந்தது, வேரடி மண்ணைச் சருகால் மூடி மூடாக்குப் போட்டால் சமாளித்துவிடும். அத்திக்கும் குச்சிதான் சுலபம்.

மறைமுகச் செலவுகளைச் சொல்லாமல் விட முடியாது. வாங்கிய கன்று பையில் எத்தனை மாதம் இருந்தது என்று நமக்குத் தெரியாது. வழி 2-இல் சொன்ன சுருள் இதிலும் இருக்கலாம். முதல் ஆண்டிலேயே பூக்கும், ஆசையாக இருக்கும், ஆனால் அந்தப் பூவைக் கிள்ளிவிட வேண்டும். காய் தாங்கும் கன்று வேருக்குச் சேமிக்காது. ஒட்டுக்குக் கீழேயிருந்து வரும் துளிரை ஆண்டுக்கணக்கில் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இலந்தையில் இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் பலர்: கீழ்த்துளிர் மேலேறி, ஒட்டுக்கிளை நலிந்து மறைந்து, கடைசியில் முள்ளும் சிறுகாயுமாக ஒரு காட்டு இலந்தை நிற்கும். ஒட்டுப்பகுதி மண்ணுக்குள் புதைந்துவிடாமல் நட வேண்டும் என்பதும் இதற்காகத்தான். நெல்லியில் ஒரே வகையில் இரண்டு ஒட்டு வாங்கி வைத்தாலும் இரண்டும் ஒரே மரத்துக்குச் சமம். வகை வேறாக இருக்க வேண்டும்.

தண்ணீருக்கு வழி இருந்து, இடம் குறைவாக இருந்து, சீக்கிரம் காய் பார்க்க வேண்டும் என்றால் இதை எடுங்கள். பேரீச்சைக்கு வேறு யோசனையே வேண்டாம், பெண் மரத்தின் அடியில் கிளைத்த பக்கக்கன்றுதான்.

## வழி 4: விதையை ஊன்றி, அதே இடத்தில் ஒட்டுக் கட்டுவது

நான் மனதாரப் பரிந்துரைப்பது இது. இதைச் செய்வோர் குறைவாக இருப்பது எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

வழி 1-இல் சொன்னபடி விதை ஊன்றுகிறீர்கள். கன்று பென்சில் பருமன் வந்ததும், நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து கண் ஒன்றை (துளிராக வளரக்கூடிய மொட்டை, பட்டையோடு) எடுத்து அதில் பொருத்துகிறீர்கள். இலந்தையும் நெல்லியும் இதற்கென்றே பிறந்தவைபோல நடந்துகொள்கின்றன. பட்டை ‘விட்டுக்கொடுக்கிற’ பருவம்தான் முக்கியம்: மழைக்குப் பின் சாறு ஓடும் நாட்களில், கத்தி முனையால் நெம்பினால் பட்டை ஈரத்தோடு வழுக்கிப் பிரியும். காய்ந்த காலத்தில் அது கட்டையோடு ஒட்டிக்கொண்டு கிழியும். அன்றைக்குக் கத்தியை வைத்துவிடுங்கள். பட்டையில் கண்ணின் அளவுக்கு ஒரு சதுரம் எடுத்து, அதே அளவில் வெட்டிய கண்ணைப் பதித்து, கண்ணின் முனை மட்டும் வெளியே தெரிய பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் கண் பச்சையாகவே இருந்தால் பிடித்துவிட்டது. பிறகு அதற்கு மேலே உள்ள தண்டைத் தறித்துவிட்டால் சக்தி முழுவதும் புதுக்கண்ணுக்குப் போகும். அடியில் ஆணிவேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் அந்தத் துளிர் வளரும் வேகம் வாங்கி நட்ட ஒட்டில் வராது.

செலவு? கைப்பழக்கம். முதல் முயற்சிகள் தவறும். ஆனால் தவறினால் போவது ஒரு கண்தான், கன்று அப்படியே நிற்கிறது. அடுத்த பருவத்தில் இன்னொரு பக்கத்தில் முயலலாம். நல்ல மரம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து குச்சி கேட்டு வாங்க வேண்டும். இந்த இரண்டும் முடியாது என்றால் வழி 4 உங்களுக்கு அல்ல. ஒட்டுக் கட்டத் தெரிந்தவரை ஒருநாள் அழைத்து வந்தால் பத்து மரத்துக்கும் சேர்த்து முடித்துவிடலாம்.

முன்பே விதையில் வளர்ந்து, பழம் சரியில்லாமல் நிற்கும் மரத்துக்கும் இதே வைத்தியம் உண்டு. கிளைகளைத் தறித்து, புதிதாக வரும் துளிர்களில் நல்ல வகையின் கண்ணைக் கட்டலாம். விதை போட்டுத் தோற்றோம் என்று மரத்தையே வெட்டுபவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை.

## மரவாரியாக

| மரம் | விதையிலிருந்து காய்க்க (ஆண்டு, தோராயம்) | விதைக்கன்றின் பழம் | என் தேர்வு |
|---|---|---|---|
| சீத்தா | 3–4 | ஓரளவு தாயைப் போல | வழி 1 |
| கலாக்காய் | 3 | வேறுபாடு பெரிதாகத் தெரியாது | வழி 1 |
| கொடுக்காப்புளி | சுமார் 5 | துவர்ப்பு கூடக் குறைய | வழி 1 |
| இலந்தை | 3–5 | பெரும்பாலும் சிறுத்துவிடும் | வழி 4 |
| நெல்லி | 6–8 | மாறுபடும் | வழி 4, இரண்டு வகை |
| மாதுளை | 3 | மாறுபடும் | குச்சி |
| புளி | 8–10 | புளிப்பும் சதையும் மாறுபடும் | வழி 4 அல்லது ஒட்டு |
| நாவல் | 8–10 | பெரும்பாலும் தாயைப் போல | இடம் இருந்தால் வழி 1 |
| விளா | 10-க்கு மேல் | மாறுபடும் | ஒட்டு |
| பேரீச்சை | பூக்கும் வரை பால் தெரியாது | ஏறத்தாழ பாதி ஆண் | பக்கக்கன்று |

மண்ணும் தண்ணீரும் பொறுத்து இந்த ஆண்டுக்கணக்கு முன்னே பின்னே நகரும். வறண்ட இடத்தில் பின்னேதான் நகரும்.

நீங்கள் இருக்கும் இடம் வாடகை வீடு என்றால் எட்டு ஆண்டு காத்திருக்கும் எதையும் தொடங்காதீர்கள். மாதுளைக் குச்சியோ சீத்தா விதையோ போதும். தொட்டியில்தான் வளர்க்க முடியும் என்றால் ஆணிவேரின் பெருமையெல்லாம் அங்கே செல்லாது, ஒட்டையோ குச்சியையோ எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அருகில் விதைப் புளியும் நாவலும் வேண்டவே வேண்டாம்.

## நான்குக்கும் பொதுவான செலவு: முதல் இரண்டு கோடை

எந்த வழியை எடுத்தாலும் இந்தத் தண்ணீர்க் கணக்கிலிருந்து தப்ப முடியாது. கொடுக்கும் விதத்தில்தான் வேர் ஆழம் போவதும் மேலேயே நிற்பதும் இருக்கிறது. தினமும் ஒரு செம்பு தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே தங்கும். வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ, வட்டப்பாத்தி நிறைய மெதுவாக ஊற்றி, ஈரம் ஓரிரு அடி இறங்க விடுங்கள். அடிக்கடி போக முடியாத நிலத்தில், அடியில் சிறு துளையிட்ட மண்பானையைக் கன்றிலிருந்து ஓர் அடி தள்ளிப் புதைத்து நிரப்பி மூடிவைத்தால் கசிந்துகொண்டே இருக்கும். காய்ந்த சருகை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல். கன்று முளைத்த முதல் கோடையில் மேற்குப் பக்கம் ஓர் ஓலைத்தட்டி நிழலுக்கு வேண்டும்.

இரண்டாவது கோடையில் பாத்தியைக் கொஞ்சம் அகலமாக்கி, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மூன்றாவது ஆண்டில் சீத்தாவும் இலந்தையும் நெல்லியும் வறண்ட மாதங்களில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். அதைப் பார்த்துப் பதறிக் குடம் குடமாக ஊற்றுகிறார்கள். இலையைக் கொட்டுவது அந்த மரங்கள் தண்ணீரை மிச்சப்படுத்தும் முறை. சந்தேகமாக இருந்தால் சிறு கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் மரம் நலமாக இருக்கிறது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கலாம்.